ஆபீசில் பால் காய்ச்சிய நாள்

போடியில் அரசாங்க ஆபீசு ஒன்றில் நாங்கள் ஒரு பகல் முழுக்கக் குடியிருந்திருக்கிறோம். எந்த ஆபீசு என்று கேட்காதீர்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். இப்போது ஓய்வு பெற்றுப் பேரன் பேத்திகளோடு இருப்பார், அவரை வம்புக்கு இழுக்க எனக்கு மனமில்லை.

எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. குரங்கணிக்குக் கீழே, மலையடிவாரத்தில், தகரம் போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். அம்மாவும் அத்தையும் எங்கள் தெருப் பெண்களும் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவார்கள். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஏலச்செடி கருகியது, ஜீப்பு வருவதும் நின்றது. நூறு நாள் வேலையாவது கொடுங்கள் என்று இவர்கள் அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘பார்க்கலாம்’ என்ற பதில் கிடைத்தது. ‘பார்க்கலா’மை உலையில் போட முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது.

அத்தை, அப்பாவின் அக்கா. அவள் கூப்பிட்டால் மலைப்பாதையில் போகிற ஜீப்பு நிற்கும். தோட்டத்துப் பெண்களையெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்து அதற்குத் தலைவியாகவும் இருந்தாள். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. சட்டி பானையோடு போய் ஆபீசில் குடியேறிவிடுவது என்று முடிவெடுத்தவள் அவள்தான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா பாயைச் சுருட்டுவதையும் குண்டானையும் விறகையும் விளக்குமாற்றையும் எடுத்து வைப்பதையும் பார்த்தேன். வீடு மாறுகிறோம் என்று புரிந்துகொண்டேன். என் பங்குக்குக் கவுன்களை ஒரு பையில் திணித்தேன். இனிமேல் விளையாட வர முடியாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொஞ்சம் மிதப்பாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

புது வீடு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது, குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. ஜன்னலோரத்தில் பையை வைத்து இடம் பிடித்தேன். முன்பே குடியிருந்தவர்கள், அதாவது குமாஸ்தாக்கள், இன்னும் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான் குறை.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். அதிகாரி தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. கோஷம் தேய்ந்து, ஒருவருக்கொருவர் பேன் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கோ காலையிலிருந்தே ஒரு சந்தேகம்.

“ஏத்தே, இன்னும் பால் காய்ச்சலையே?”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். “ஏத்தா, பிள்ள சொல்றது சரிதான? எதுத்த டீக்கடையில வெரசாப் போய்ப் பால் கொண்டா.”

வராந்தாவில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கியதும் போட்டார்களே ஒரு குலவை! குமாஸ்தாக்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அதில் ஒருவர், “எந்தப் பக்கம் பொங்குச்சு?” என்றார்.

“கெழக்கால சார்.”

“நல்லது, நல்லது” என்றவர், தான் யார் என்பது ஞாபகம் வந்ததும் உள்ளே போய்விட்டார்.

அதிகாரி கோபமாகத்தான் வெளியே வந்தார். அத்தை முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். பால் காய்ச்சிய வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? குடித்தார். அம்மா சீலை முந்தியில் முடிந்து வைத்திருந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டிருந்தாள்.

“ஏலக்கா தூக்கலா இருக்கே” என்று குரலை இறக்கினார். “அடுத்த வாரம் வேலை ஆரம்பிச்சிருவோம்மா. கெளம்புங்க.”

“எழுதிக் குடுங்கய்யா.”

“ஏம்மா, என் வார்த்தை போதாதா?”

போதாது என்று அத்தைக்குத் தெரியும். ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போகிற கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டும், வீட்டில் ஆடு கத்தும். பெண்கள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள். அத்தையின் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை. அம்மா என் பையைத் தூக்கினாள். நான் ஜன்னல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன்.

“வரமாட்டேன்! பால் காய்ச்சுன வீட்டுல அன்னிக்கு ராத்திரி படுக்காமப் போகக் கூடாது!”

அடிக்க ஓங்கிய அம்மாவின் கை அப்படியே நின்றது. நானாகச் சொன்னதல்ல, இதே பெண்கள் எத்தனையோ வீட்டில் சொல்லிக் கேட்டதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போராட்டம் வேறு, பால் காய்ச்சுவது வேறு. அதில் விளையாட முடியாது. சுருட்டிய பாய்கள் மறுபடி விரிந்தன. ஒருத்தி குமாஸ்தாவிடம் போய், “லைட்டுப் போடுற சுச்சு எங்கிட்டு சார் இருக்கு?” என்று விசாரித்தாள்.

அதிகாரியும் சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியவர்தான். இவர்கள் இனி நகர மாட்டார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. திங்கட்கிழமை ஊருணி தூர் வாரும் வேலை ஆரம்பம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

காகிதம் கைக்கு வந்ததும் அத்தை சாஸ்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். “விடிய விடியவா படுக்கச் சொல்லியிருக்கு? செத்த நேரம் சாஞ்சாப் போதும்.” அத்தனை பெண்களும் ஒருமுறை படுத்து எழுந்து, பஸ்சுக்கு ஓடினார்கள்.

எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் வீடு போய்விட்டது. பஸ்சில் விசும்பிக்கொண்டே கேட்டேன்: “ஏம்மா, அந்த வீடு நமக்கு வேணாமா?”

“வேணுந்தான் ஆத்தா. வாடகை கட்டுபடியாகாது.”

பஸ்சே சிரித்தது. நான் நம்பினேன். பிறகு போடிக்குப் போகும்போதெல்லாம், சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே வாடகை கேட்க யாருமில்லை, அது எங்களுக்காகக் கட்டிய கட்டடம்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காலையில் அந்தப் படி ஏறியபோது, அத்தையைத் தவிர மற்ற பெண்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.