ஒத்த முடிச்சு

விரலை நாக்கில் தொட்டு, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு. சத்தம் மந்தமாக வந்தால் கொட்டாங்கச்சிக் கரியை இன்னும் கொஞ்சம் ஊதுவார் இன்னாசி. 'சுர்' என்று வந்தால் அதே விரலால் சிலுவை போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையின் காலரில் பெட்டியை வைப்பார்.

ஞானஸ்நானப் பெயர் இக்னேஷியஸ். திருவொற்றியூரில் அதை முழுசாகச் சொல்ல யாருக்கு நேரம்? "இன்னா இன்னாசி, நம்ம சட்டை ஆச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு, 'இன்னா' தன் இனிஷியல் என்றே அவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

எங்கள் சந்து பெரிய ரோட்டில் முட்டுகிற முனையில் நிற்கிறது அவர் வண்டி. சந்து மாநகராட்சிக்குச் சொந்தம், பெரிய ரோடு மாநில அரசுக்கு. அதற்கும் அப்பால் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகிற சாலை மத்திய அரசின் சொத்து. இந்த ஜனநாயகத்தை இன்னாசி இப்படிச் சுருக்கிச் சொல்வார்: "ரெண்டு சக்கரம் கவுன்சிலரோடது, ரெண்டு சக்கரம் எம்.எல்.ஏ.வோடது. மேல வுழற தூசி எம்.பி.யோடது."

மூன்று பேரின் துணியும் அவரிடம் வந்ததுண்டு. மூட்டை மாறிவிடாமலிருக்க, சுற்றியிருக்கும் துணியின் முனையில் முடிச்சு போட்டு வைப்பார். பொதுஜனத்தின் மூட்டைக்கு முடிச்சு கிடையாது. கவுன்சிலருக்கு ஒத்த முடிச்சு, எம்.எல்.ஏ.வுக்கு ரெட்டை முடிச்சு. எம்.பி.க்கு மூணு முடிச்சு. "தாலி மாரி நைனா. கட்டிக்கினு டில்லிக்குப் போனவருதான். இன்னும் மறுவூட்டுக்குக்கூட வர்ல" என்று சிரிப்பார். கஞ்சியிலும் அந்தஸ்து உண்டு. சாக்கடை ஓரமெல்லாம் நின்று பொழுது சாயும்வரை விறைப்பாக இருக்க வேண்டியவர் கவுன்சிலர் என்பதால் அவர் சட்டைக்குத்தான் கஞ்சி தூக்கல்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். யார் வீட்டில் என்ன துணி என்பது அவருக்கு அத்துப்படி. மாதா கோயில் தெருவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெள்ளை, பள்ளிவாசல் பக்கம் வெள்ளிக்கிழமைக்கு ஜிப்பா, வியாசர்பாடிச் சொந்தங்கள் உள்ள வீடுகளில் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நீலச் சட்டை. முதல் ஓட்டுப் போடப்போகிற பெண்ணுக்குக் காலேஜ் சுடிதார். பீகார்ப் பையன்களின் ஜீன்ஸை மட்டும் எந்தக் கட்சியும் விசாரிப்பதில்லை. "அவங்களுக்கு இஸ்திரி இங்க, ஓட்டு அங்க" என்பார். சரி, தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், "சட்டையிலதான் நைனா மடிப்பு தெரியும். மன்சுல தெரியாது" என்று பெட்டியைத் திருப்பிக்கொள்வார். எதிரெதிர்க் கட்சிகளின் கரை வேட்டிகள் அந்த வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சமாதானமாகப் படுத்துக்கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒத்த முடிச்சு மூட்டையில் வருவது பகலவனின் சட்டைகள். எங்கள் வட்டம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர் அவர் மனைவி ரமாபாய். ஆனாலும் சந்து முழுவதும் பகலவனைத்தான் 'கவுன்சிலரே' என்று கும்பிடும். இன்னாசியும் அப்படித்தான். காய்கறிப் பையோடு கடந்துபோகும் ரமாபாய் அவருக்குப் 'பகலவன் வூட்டம்மா'. அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. நானும் கும்பிட்ட ஆள்தான்.

மழைக்கு முன் வடிகால் தோண்ட வந்தவர்கள், வண்டியின் காலடியில் சுண்ணாம்பால் கோடு போட்டு, நாளைக் காலைக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முனை போனால் இன்னாசிக்குப் பிழைப்பு போயிற்று. இரண்டு பக்க வாடிக்கையும் அந்த முனையில்தான். பகலவனிடம் ஓடினார். "அது பெரிய ரோட்டுக் கணக்கு மாமு, எம்.எல்.ஏ.வைப் பாரு" என்றார் பகலவன். எம்.எல்.ஏ.வின் உதவியாளர், லாரி ரோட்டு வேலையோடு சேர்ந்தது, எம்.பி. ஆபீசைக் கேளுங்கள் என்றார். அங்கே, பாராளுமன்றம் நடக்கிறது, சின்ன விஷயம்தானே, உங்கள் கவுன்சிலரிடமே சொல்லுங்கள் என்றார்கள்.

திரும்பி வந்தவர் பெட்டியைத் தொடவில்லை. "மூணு பேரையும் வெறப்பா நிக்க வெச்சவன் நானு. நான் நிக்க எடமில்லபா" என்றார். அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை தோண்டும் இயந்திரம் முதல் வாயிலேயே மின்சாரக் கேபிளைக் கடித்துவிட்டது. சந்து முழுக்கக் கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில், கையில் ஒரு நீலப் பருத்திப் புடவையோடு ரமாபாய் வந்தார். அன்று மாமன்றக் கூட்டம். வீட்டில் தானே தேய்த்துக் கட்டிக்கொள்கிறவர், கரண்ட் போனதால் கரிப்பெட்டியைத் தேடி வந்திருக்கிறார்.

இயந்திரம் வண்டியை நோக்கி நகர்ந்தது. "நிறுத்துங்க" என்றார் ரமாபாய். "வண்டி இன்னா பண்ணுச்சு?"

"கவுன்சிலராண்ட சொல்லிட்டோம்மா" என்றார் மேஸ்திரி.

"எந்தக் கவுன்சிலராண்ட?"

"பகலவன் சாராண்ட."

"அவரு என் வூட்டுக்காரரு. ஓட்டு வாங்குனது நானு." குரல் ஏறவில்லை. "தோண்டுற வரைக்கும் வண்டி எதுத்த செவுத்தோரமா நிக்கட்டும். மேல மூடி போட்டதும் இதே முனைக்கு வந்துடணும். சந்து நம்ம வட்டம். எதுனா பேசணும்னா என்னாண்ட பேசு."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிறகு அவரே இரண்டு ஆட்களோடு சேர்ந்து வண்டியை எதிர்ச் சுவருக்குத் தள்ளிவைத்தார். பெட்டி அணையக்கூட இல்லை. சந்தில் யாரோ விசில் அடித்தார்கள், நானாகவும் இருக்கலாம்.

இன்னாசி புடவையை வாங்கி விரித்தார். விரலை நாக்கில் தொட்டார், தட்டினார், சிலுவை போட்டுக்கொண்டார். புடவைக்கு மெல்லக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, முந்தானை முதல் நிதானமாகத் தேய்த்து மடித்தார்.

வண்டியின் ஓரத்தில் பகலவனின் மூட்டை தயாராக இருந்தது. அதை எடுத்து, வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த ஒத்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பொதுஜனத்தின் மூட்டைகளோடு போட்டார். பிறகு ரமாபாயின் புடவையை ஒரு வெளுத்த துணியில் சுற்றி, முனையில் ஒரு முடிச்சு போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.