மஞ்சள் தண்ணீர் தெளித்த தரை

கிளிநொச்சியில் ஒரு முதலாளிக்கு நெல் களஞ்சியம் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான்தான் மேற்பார்வை. இது கல் அடுக்கிக் கட்டும் சுவர் அல்ல. முதலில் தரையைப் போட்டு, அதன் மேலேயே சட்டம் அடித்து, கொங்கிரீட் சுவரைப் படுத்த நிலையில் வார்ப்போம். இறுகியதும் கிரேனால் தூக்கி நிமிர்த்துவோம். சுவர் தரையோடு ஒட்டாமலிருக்க முன்னமே ஒரு மருந்து பூச வேண்டும். பார்த்தால் எண்ணெய் ஊத்தை மாதிரித்தான் கிடக்கும்.

முதல் சுவர் வார்க்கிற அன்று முதலாளி பூசை வைக்கச் சொன்னார். கம்பி கட்டுவதற்கு முன்னால், சட்டத்துக்குள்ளேயே பிள்ளையார் வைக்க வேண்டுமாம். கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலைக்குத் தர்மபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிற அக்காவிடம், "பூசைக்கு உந்த இடத்தைத் துப்புரவாக்கி விடுங்கோ" என்றேன். மருந்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சாமி இருக்கிற இடத்தில் ஊத்தை கிடக்கலாமா? அவர் சவர்க்காரத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டார். பளபளவென்று கிடந்தது. "நல்ல வேலை அக்கா" என்று சொன்னேனே, அந்த வாயை என்ன செய்வது! மருந்தைத் திரும்பப் பூச வேண்டும் என்ற யோசனையே வரவில்லை.

சுவரைத் தூக்கிய அன்று, பூசைக்குக் கழுவிய அந்த மூலை மட்டும் தரையை விடவில்லை. சுவர் படாரென்று வெடித்தது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. முதலாளி பாய்ந்து வந்தார். நான் ஒளிக்கவில்லை.

"நான்தான் கழுவச் சொன்னனான். பிழை என்ர."

அவர் கொஞ்சம் ஆறினார். "சரி, விடும் தம்பி. அவவை நாளையிலயிருந்து வரவேண்டாம் எண்டு சொல்லிவிடும்."

"என்ர பிழைக்கு அவவை ஏன்?"

"ஆரையாவது நிப்பாட்டினால்தான் மற்றவைக்குப் பயமிருக்கும். உம்மை நிப்பாட்டினால் மிச்சச் சுவரை ஆர் தூக்கிறது?"

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. வவுனியாவில் படிக்கிற மகளை அக்கா இந்தச் சம்பளத்தில்தான் படிப்பிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் திறக்கவில்லை.

பின்னேரம் அக்காவே தேடி வந்தார்.

"தம்பி, பிழையை உங்கட தலையில போட்டுக்கொண்டியளாம். பெரிய மனசு உங்களுக்கு. நான் பயந்துபோனன், வேலை போகப்போகுதெண்டு. நாளைக்கு வேளைக்கே வாறன், என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். சீ, என்ன மனிதன் நான்!

அடுத்தநாள் காலையில், நான் சொல்லிவைத்தபடி, வாசலில் காவலாளி அவரை மறித்தார். "இல்லையண்ணை, தம்பி வரச்சொன்னவர். அவர் வந்தால் சொல்லுவார், நிக்கிறன்" என்று அக்கா சொன்னது தெருவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. நான் எதிரே தேநீர்க்கடைக்குள் இருந்தேன். அவர் வெயிலுக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னொரு தேநீர் சொன்னேன். அவர் போகும்வரைக்கும் எழும்பவில்லை.