நகம் மேடம்

குனிந்து, கன்றின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறுகிறார். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால், “உயிரோட இருக்கியா கண்ணு, இரு இரு” என்று தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கன்றுக்கு நகர்கிறார். பழுப்பாக இருந்தால் பேச்சே இல்லை. கையிலுள்ள செல்போனில் ஒரு தட்டு. அந்தக் கன்றுக்கு அரசாங்கப் பணம் கிடையாது.

பழத்தோட்ட மானியத் திட்டத்தின் கள ஆய்வாளர் இவர். நட்ட கன்று முதல் கோடையைத் தாண்டினால்தான் மானியம். தாண்டியதா என்று நேரில் பார்த்துச் சொல்வது இவர் வேலை. மற்ற விரல்களில் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, வலது கட்டைவிரலில் மட்டும் வளர்த்து வைத்திருக்கிறார். விவசாயிகள் வைத்த பெயர் நகம் மேடம். அது அவருக்கும் தெரியும். “கூப்பிட்டுட்டுப் போகட்டும். நகத்தை வெட்டுன்னு சொல்லாம இருந்தாச் சரி.”

யார் வீட்டிலும் டீகூடக் குடிக்க மாட்டார். ஒருவர் ஒரு கூடைப் பழத்தை ஜீப்பில் வைத்துவிட்டு ஓடிப்போனாராம். இவர் விடவில்லை, ஜீப்பிலேயே துரத்தியிருக்கிறார். “பழத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் போறேன். அந்த மனுஷன் கேஸ் போட வர்றேன்னு பயந்து இன்னும் வேகமா ஓடுறார்!” சொல்லிச் சிரிக்கையில் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. இப்படியும் ஒரு பிறவியா என்று, அவரைப் பற்றி எழுதக் கூடவே சுற்றிய நான் முதல் நாளே வாயைப் பிளந்தேன்.

மறுநாள் போனது அவருடைய சொந்த அண்ணன் தோட்டத்துக்கு. சொந்தக்காரர் நிலத்தை வேறு ஆய்வாளர்தான் பார்க்க வேண்டும். அந்தப் பணியிடம் காலி. எழுதிக் கேட்டும், “நீங்களே பார்த்துடுங்க” என்றுவிட்டது அலுவலகம். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்க, அண்ணன் கன்றுகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. கீறிய இடமெல்லாம் பச்சை. “அண்ணே, அசத்திட்டே!” என்றவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் தரையைப் பார்த்தபடியே பின்னால் வந்தார்.

வாய்க்காலைத் தாண்டும்போது மேடத்துக்குக் கால் இடறியது. பிடிமானத்துக்குப் பக்கத்துக் கன்றைப் பற்றினார். அது கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. அடியில் கத்தியால் சீவிய வெட்டு. ஏதோ மரத்துக் கிளை! அடுத்ததை இழுத்தார், அதுவும் கிளை. அதற்கடுத்ததும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப் படுபாவி, தோட்டம் முழுக்கவா?

“எல்லாம் கருகிடுச்சும்மா,” என்றார் அண்ணன். “இந்த மானியமும் வரலேன்னா நிலம் கையை விட்டுப் போயிடும். காலையிலதான் வெட்டி நட்டேன்.”

“நான்தான் வரப்போறேன்னு தெரியுமில்ல?”

“தெரிஞ்சுதாம்மா நட்டேன். வேற ஆள்னா எனக்குத் துணிச்சல் வந்திருக்குமா?”

இதைச் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ அந்த மனிதருக்கு! உள்ளதை எழுதினால் அண்ணன் நிலம் போகும். மறைத்தால் இவர் வேலை போகும். மேடம் கையிலிருந்த கிளையை மண்ணில் கிடத்தி, வெட்டுப்பட்ட முனை தெரியும்படித் திருப்பி வைத்தார். செல்போனில் கேமராவைத் திறந்தார். திரையின் ஓரத்தில் அண்ணனின் வெறுங்கால்கள் தெரிந்தன.

“அண்ணே,” என்றார், “கொஞ்சம் தள்ளி நில்லு. போட்டோல நீ வர வேணாம்.”