பேச்சு நின்றால் நிற்க வேண்டும்

நான் பிழைக்க வந்திருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் ரயிலில் யாரும் பேசமாட்டார்கள். பஸ்ஸிலும் பேசமாட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தலையை மட்டும் அசைப்பார். குளிர் கூடுதலான நாளில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ஜிம்மில் நடக்கிற மெஷின்மேல் நான் முதன்முதலாக ஏறி நின்றபோது, ஆன்யா என்கிற பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்று, “பேசுங்கள்” என்றார். என்ன பேசுவது என்று கேட்டேன். “எதையாவது. உங்கள் மொழியிலேயே பேசுங்கள். எனக்குப் புரியத் தேவையில்லை. ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் வருகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். பேச்சு நின்றால் நீங்கள் நிற்க வேண்டும்.” எனக்கு ஒன்றும் தோன்றாமல், ஆரணியிலிருந்து வேலூர் போகும் டவுன் பஸ் எங்கெங்கே நிற்குமோ அந்த ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கண்ணமங்கலம் வருவதற்குள் இரைத்துவிட்டது. அவர் பட்டனை அழுத்தி வேகத்தைக் குறைத்தார். “லாங்சாம்” என்றார். மெதுவாக என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

அப்போது நான் நூறு கிலோவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் ஏழுமலை ஒன்பதாவதோடு தறியில் உட்கார்ந்துவிட்டான். அவன் தறிமுன் உட்கார்ந்தே பெருத்தான், நான் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தே பெருத்தேன். அவனுக்குச் சர்க்கரை வந்தது, எனக்குப் பிரஷர் வந்தது. வீடியோவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, “நல்லா பூரிப்பா இருக்கறடா கண்ணு” என்று சந்தோஷப்படுவாள். உடம்பு வைத்தால் பிள்ளை சுகமாக இருக்கிறான் என்பது அவள் கணக்கு.

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நான் இறங்கியதற்குக் காரணமும் அம்மாதான். எனக்கு விசா இழுத்தடித்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் படவேடு ரேணுகாம்பாளிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். பிள்ளை நல்லபடியாக வெளிநாடு போனால், ஆடி மாதத்தில் ஆரணியிலிருந்து கோயில்வரை வெறுங்காலோடு, பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்து நடந்து வருவான் என்று. நடப்பவன் நான், வேண்டிக்கொண்டவள் அவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டாள். அதன்பிறகு வீட்டில் எது நடந்தாலும் அந்த முடிச்சுதான் காரணம். மாடு சினை பிடிக்காததற்கும், அண்ணனுக்குச் சர்க்கரை வந்ததற்கும்கூட. “அம்மனுக்கு சொல்லிட்டு சும்மா கீறமே, அது சும்மா உடுமா?” என்பாள்.

வரும் ஆடிக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்து, இங்கே என் மருத்துவரிடம் போனேன். வெயிலில் நாள் முழுக்க நடக்க வேண்டும், அதற்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்றேன். என்ன போட்டி என்று கேட்டார். போட்டி இல்லை என்றேன். யார் பெயர் கொடுத்தது? என் தாய். உங்களைக் கேட்டார்களா? இல்லை. அப்படியானால் ரத்து செய்யலாமே? தெய்வத்திடம் ரத்து கிடையாது என்பதை என் அரைகுறை ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். அவர், “நீங்கள் வழியில் விழுந்தால் அந்தத் தெய்வத்துக்கு என்ன லாபம்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆனால் அவர் தடுக்கவில்லை. ஈசிஜி எடுத்தார், ரத்தம் பார்த்தார், முட்டியை அழுத்திப் பார்த்தார். என் எடைக்கு நேரே ஓட்டத்தில் இறங்கினால் முட்டி போகும், அதற்குமுன் நெஞ்சே கைவிட்டாலும் விடும் என்றார். முதலில் சமதரையில் நடை. அது சுலபமான பிறகு ஏற்றம். நடுவில் நீச்சல்குளத்தில் தண்ணீருக்குள் நடப்பது. மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வெறும் வயிறு கூடாது, வெறுங்கால் கூடாது. நான் படித்தவன், சொன்னதைக் கேட்கிறவன். மாதக்கணக்கில் அப்படியே செய்தேன். பக்கத்து மெஷினில் எல்லோரும் ஓடுவார்கள். எனக்கும் ஆசை வரும். “ஓடட்டுமா?” என்று ஆன்யாவைக் கேட்பேன். “பேசிக்கொண்டே ஓட முடிகிற நாளில் ஓடுங்கள்” என்பார். அந்த நாள் வராமலேயே ஆடி வந்துவிட்டது.

ஊருக்குப் போனதும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “இன்னாடா இப்படி இளைச்சிட்ட, உடம்பு கிடம்பு சரியில்லயா?” என்று அழுதாள். நான் மருத்துவரும் ஆன்யாவும் சொன்னதையெல்லாம் சொன்னேன். காலையில் சாப்பிட்டுவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு, நிழல் பார்த்து உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

“ஷூ போட்டுகினு, வயிறு முட்ட தின்னுட்டு நடந்தா அதுக்குப் பேரு வேண்டுதலா? வாக்கிங்கு.”

தறியிலிருந்து எழுந்து வந்த அண்ணன் சிரித்தான். “நடக்கறதுக்கு ஜெர்மனில டியூஷன் எடுத்துகினு வந்துகிறான்மா நம்ம இன்ஜினியரு. உடு. அவம்பேர்ல நான் நடக்கறேன். ஒரே ரத்தந்தான, அம்மனுக்குத் தெரியாதா இன்னா?”

எங்கள் பக்கம் இது உண்டு. ஒருவருக்கு முடியவில்லை என்றால் உடன்பிறந்தவர் அந்த வேண்டுதலை ஏற்றுக்கொள்ளலாம். அம்மாவின் முகம் தெளிந்தது. நான் அண்ணன் உடம்பைப் பார்த்தேன். அவன் என்னைவிடக் கனத்தவன்.

“அண்ணா, உனக்கு சுகர் இருக்குது. கடத்தெருவுக்கே வண்டியிலதான் போற. பட்டினியா அவ்ளோ தூரம் எப்படி நடப்ப?”

“டேய், நாள் முழுக்க தறி மிதிக்கிறவன் நானு. காலப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?”

முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். “நல்ல காரியத்துக்குப் போறப்ப ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?” என்றாள் அம்மா. மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். அண்ணன் மஞ்சள் வேட்டி, வெறுங்கால். நான் ஷூ. வாசலில் அம்மா என் பையைத் துழாவி, நான் வைத்திருந்த பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் எடுத்துவிட்டாள். “விரதக்காரன் பக்கத்துல திங்கற சாமான் வாணாம்.” பையில் தண்ணீர் பாட்டில் மட்டும் மிஞ்சியது.

வழியெல்லாம் மஞ்சள் கட்டிய கூட்டம். அண்ணன் வாய் ஓயவில்லை. என் ஷூவைக் கிண்டல் செய்தான், போகிற வருகிற டிராக்டரைக் கிண்டல் செய்தான். “இன்னாடா அந்த வெள்ளக்காரி உன்ன பேசச் சொல்லுவாளா? இங்க வந்து என்னப் பாக்கச் சொல்லு, எனக்கு அவார்டு குடுப்பா.” எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவன் பேசுகிறவரை பயமில்லை என்று காதை அவன்மேலேயே வைத்து நடந்தேன்.

சந்தவாசலைத் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் அண்டா அண்டாவாகப் பானகமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தொடாமல் நடந்தான். அதற்குப் பிறகு அவன் பேச்சு சுருங்கியது. கேட்டால் “ம்” என்றான். பிறகு அதுவும் இல்லை. உட்காரலாம் என்றதற்கு, “போடா பேஜாரு பண்ணாத” என்று சீறினான். அவன் சீறுகிறவனே இல்லை. நான் முன்னால் போய் மறித்துக்கொண்டு, “அண்ணா, நம்ம வேலூர் பஸ்ஸு எங்கெங்க நிக்கும் சொல்லு” என்றேன். அவன் என்னைத் தெரியாத ஆள் போலப் பார்த்தான். உதடு அசைந்தது, ஒரு ஊரும் வரவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையைத் தொட்டேன். அந்த வெயிலில் கை சில்லென்று இருந்தது, நடுங்கியது.

புளியமரத்தடியில் அவனைச் சாய்த்து உட்காரவைத்தேன். “காலையில சுகர் மாத்திர போட்டியா?”

நாக்குக் குழறச் சொன்னான். “போட்டேன்… மாத்திர இன்னா சோறா… விரதம் உடாது…”

சாப்பாடு இல்லாத வயிற்றில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை, அதன்மேல் இத்தனை தூரம் நடை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது. கூட நடந்துவந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களும் விரதம், வேப்பிலையும் மஞ்சளும் தவிர அவர்களிடம் ஒன்றுமில்லை. “அக்கா, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க, இவரத் தூங்க மட்டும் உடாதீங்க” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பானகத்துக்குத் திரும்பினேன். கைகாட்டியதற்கு ஒரு வேன் நிற்காமல் போனது. பந்தலின் ஒலிபெருக்கிப் பாட்டு பின்னால் எங்கோ லேசாகக் கேட்டது. ஓடினேன்.

வாழ்க்கையில் நான் ஓடியது அன்றைக்குத்தான். முட்டி இரண்டும் தனித்தனியாகக் கத்தின. என் வயிறே என்னைப் பின்னால் இழுத்தது. பாட்டு பக்கத்தில் வரவே இல்லை. நானும் விழுந்தால் இரண்டு பிள்ளையும் ஒரே ரோட்டில் என்று ஒரு நினைப்பு வந்தது; நடந்தால் ஒருவன் போவது நிச்சயம் என்று இன்னொரு நினைப்பு வந்தது. பந்தலை எட்டியபோது என்னால் பேச முடியவில்லை. வாயைத் திறக்கிறேன், மூச்சு மட்டும் வருகிறது.

“மோரா சாமி?” என்று ஒருவர் டம்ளரை நீட்டினார். நான் மோர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வெல்லம் கரைத்த பானக அண்டாவைப் பிடித்தேன். “அட மெதுவா சாமி, அண்டாவோடயே வேணுமா?” என்று இன்னொருவர் சொல்ல, பந்தலே சிரித்தது. அவர்கள்மேல் தப்பில்லை. குண்டு மனிதன் ஒருவன் மூச்சிரைக்கப் பானகத்தைக் கட்டிப்பிடித்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். ரோட்டைக் காட்டினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினேன். “அண்ணன்… சுகரு… மயக்கம்.” சிரிப்பு நின்றது. அந்த மனிதரே ஒரு சொம்பில் மொண்டுகொண்டு, “ஜல்தி ஏறு” என்று பைக்கை உதைத்தார்.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். சொம்பை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினான். “வேண்டுதல்…” என்று முனகினான். “அம்மனுது சாமி, குடி, தோஷமில்ல” என்றார்கள் அந்தப் பெண்கள். கேட்கவில்லை. நான் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“அண்ணா, இது என் வேண்டுதல். உன்னுது இல்ல. நான் திருப்பி வாங்கிக்கினேன். நீ குடி.”

என்ன புரிந்ததோ, வாய் திறந்தான். வாய்வாயாகப் புகட்டினேன். பாதி மார்பில் வழிந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தபோதுதான் அவன் கண் என் முகத்தில் வந்து நின்றது.

“இன்னாடா,” என்றான், “உனக்கு இப்படி மூச்சு வாங்குது?”

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு ஈசிஜி எடுத்தார்கள். தப்பித்தோம். டாக்டரம்மா திட்டிய திட்டை அப்படியே எழுதுகிறேன், ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் வெளியே இருப்பவர்களுக்கும் உதவும்: “கனத்த உடம்புக்காரங்க திடீர்னு ஒருநாள் வீரம் காட்டக்கூடாது. சுகர் மாத்திர சாப்பிடறவங்க, விரதமோ நடையோ, கேக்காம இறங்கக்கூடாது. பாக்கெட்ல சர்க்கர இல்லாம வாசப்படி தாண்டாதீங்க.” அம்மா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாரையும் திட்டவில்லை. சாமியிடம் கோபித்துக்கொண்டாளா, தன்மேலேயே கோபமா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். அவிழ்ப்பாள் என்று நினைத்தேன். இன்னொரு ரூபாய் சேர்த்து இறுக்கி முடிந்தாள். “ரெண்டு பேரும் உடம்பத் தேத்திகினு மெதுவா வரட்டும்னு சொல்லிகிறேன். அவ கேப்பா” என்றாள். அந்த ‘மெதுவா’ என் காதில் ‘லாங்சாம்’ என்றே விழுந்தது.

கிளம்பும்போது ஷூவை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தேன். எங்கள் கால் ஒரே அளவு. இப்போது எனக்கு மதிய இடைவேளை, அங்கே வெயில் தாழ்கிற நேரம். நான் ஆபீசுக்குப் பக்கத்து ஜிம்மில் மெஷின்மேல் ஏறுவேன். அவன் தறியை விட்டு எழுந்து, சட்டைப்பையில் வெல்லத்துண்டோடு தெருவில் இறங்குவான். இருவர் காதிலும் போன். டாக்டரம்மா சொன்ன அளவு நடை, அதற்குமேல் இல்லை. அவன் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். நான் கண்ணை மூடினால் ஆரணியில் நடப்பேன், திறந்தால் எதிரே கண்ணாடிச் சுவரும் அதற்கு வெளியே மழையும். புளியமரத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் நாங்கள் நடக்காத ரோடு அப்படியே கிடக்கிறது.

நேற்று பேசிக்கொண்டே வந்தவன் பாதி வாக்கியத்தில் நின்றான். லாரி ஒன்றின் ஹாரன் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. நான் பட்டனை அழுத்தினேன். மெஷின் நின்றது. நடந்து நடந்து நிற்கும்போது, நின்ற பிறகும் தரை காலடியில் நகர்வதுபோலவே இருக்கும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“டேய், லைன்ல கீறியா?” என்றது அண்ணன் குரல்.

“கீறேண்ணா,” என்றேன். “நீ பேசு. நீ பேசினாதான் நான் நடக்க முடியும்.”