எல்லை ஓடையின் இந்தப் பக்கம்

கிரிதரைக் கேட்டால் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்பான். மூடுபனியில் யாரோ வழி தவறி வந்தார்கள், போய்விட்டார்கள், அவ்வளவுதான் என்பான். அவனைக் கேட்காதீர்கள். அவன் மனைவி தேஜஸ்வினியைக் கேளுங்கள். கூடாரத்துக்குள் இருந்தவள் அவள். பார்த்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். ஆனால் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

இருவருக்கும் ஜெர்மனியின் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. குழந்தை இல்லை. விடுமுறை கிடைத்தால் கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போகும் நாட்டின் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்வது தேஜஸ்வினியின் வேலை. நார்வேயில் வீடுகளிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி எந்தக் காட்டிலும் கூடாரம் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஜெர்மனியில் அது நடக்காது. காட்டுக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போட்டால் அபராதம். இதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில்.

அந்த அக்டோபர் கடைசியில் செக் எல்லையை ஒட்டிய சாக்சனி மலைக்காட்டுக்குப் போனார்கள். மதியம் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊரில் சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது சாலையில் போலீஸ் சோதனை. முன்னால் போன கார்களைக் கையசைத்து அனுப்பினார்கள். இவர்களுடைய காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, கூடாரப் பைகளுக்கு அடியில் டார்ச் அடித்து, உங்களோடு வேறு யாராவது வருகிறார்களா என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் கிரிதரின் முகம் கறுத்துவிட்டது. அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஏழு வருடம் காத்திருந்து வந்த இடம் அது. ஆள் கடத்துகிறவன் என்று ஒரு சந்தேகம் விழுந்தால்கூடப் போதும், எல்லாம் போய்விடும் என்று காரில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

பதிவு செய்திருந்த முகாம் மைதானம் பூட்டிக் கிடந்தது. பருவம் முடிந்துவிட்டது என்று வாசலில் ஓர் அட்டை. இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து ஊரில் விடுதி தேடலாம் என்றாள் அவள். அவன் கேட்கவில்லை. ஓடைக் கரையில் நல்ல சமதரை இருக்கிறது, வெளிச்சம் வருவதற்குள் கழற்றிவிடலாம் என்றான்.

"இங்க டென்ட் போடக் கூடாது கிரி. அந்தப் பக்கம்னா, டென்ட் இல்லாம சும்மா படுத்தா கண்டுக்க மாட்டாங்க."

"அந்த பார்டரை மறுபடி கிராஸ் பண்ணி அந்த டார்ச் முன்னாடி நிக்கச் சொல்றியா?"

ஓடைதான் எல்லை. கரையில் வெள்ளையடித்த எல்லைக்கல் இருந்தது. கிரிதர் போனில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளி ஜெர்மனிக்குள் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கூடாரத்தை விரித்தான். தாங்கள் நின்றது ஜெர்மன் மண் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இது முக்கியம்.

தீ மூட்டவில்லை. விளக்கும் போடவில்லை. கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். கண் அயரும் நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சின்ன இருமல். நெஞ்சுச் சளி கட்டிய குழந்தையின் இருமல் மாதிரி.

"மான்," என்றான் கிரிதர். "மான்கூட இப்படித்தான் கத்தும்."

உண்மைதான், இந்தக் காட்டு மான்கள் அப்படிக் கத்தும். அவளும் நம்பினாள். தூங்கிப்போனாள்.

விடியற்காலை. சுற்றிலும் பால் மாதிரி மூடுபனி. வெளிச்சம் வந்தும் வராத நேரம். கிரிதர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வெளியே போனான். தேஜஸ்வினி உள்ளே உட்கார்ந்து படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

நறுக்... நறுக்... நறுக்...

உறைபனி மேல் கால் வைத்து நடக்கும் சத்தம். ஏழு குளிர்காலம் பார்த்தவள் அவள். அந்தச் சத்தத்தை அவள் வேறெதோடும் குழப்பிக்கொள்ள மாட்டாள். ஆனால் வெளியே பனி விழவே இல்லை. தரை முழுவதும் நனைந்த இலைகள்தான். ஈர இலை அப்படிச் சத்தம் போடாது.

சத்தம் ஓடைப் பக்கமிருந்து வந்தது. ஒருவருடைய நடை இல்லை. இரண்டு பேர்... இல்லை, மூன்று பேர்.

கூடாரத்துக்கு வெகு பக்கத்தில் வந்து நின்றது.

"தம்பி..."

பெண் குரல். தமிழ்.

"தம்பி, இது ஜேர்மனியோ?"

தேஜஸ்வினியின் கை அப்படியே நின்றுவிட்டது. கிரிதர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"நாங்கள் கடந்து வந்திட்டமோ தம்பி? பிள்ளையளுக்குக் குளிர் தாங்கேலாமல் கிடக்கு. கொஞ்ச நேரம் உள்ளுக்கு இருக்க விடுறீங்களோ?"

குழந்தை இருமியது. நேற்றுக் கேட்ட அதே இருமல்.

அவள் கூடாரத்தின் ஜிப்பை அடியில் ஒரு சாண் திறந்தாள். முகங்கள் தெரியவில்லை. கால்கள் தெரிந்தன. ஒரு சேலைக் கரை, முழங்கால்வரை நனைந்திருந்தது. அதன் பக்கத்தில் சின்னக் கால்கள் இரண்டு சோடி. சப்பாத்து இல்லை. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது.

பைகளின் மேல் பனி அப்பியிருந்தது.

வெள்ளையாக. கட்டியாக.

கரையவில்லை.

"இல்லம்மா," என்றான் கிரிதர். "இது ஜெர்மனி இல்ல. ஜெர்மனி அந்தப் பக்கம். திரும்பிப் போங்க."

தேஜஸ்வினி கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கனவில் கத்துவதுபோல் இருந்தது.

"அந்தப் பக்கமோ? நாங்கள் அங்கயிருந்துதானே தம்பி..."

"அந்தப் பக்கம்தாம்மா. சீக்கிரம் போங்க."

பிறகு அந்த அம்மா சொன்னாள்: "ஓம் தம்பி. கோடி புண்ணியம்."

கால்கள் திரும்பின.

நறுக்... நறுக்...

சத்தம் ஓடையை நோக்கிப் போனது. தண்ணீரில் கால் வைத்தால் சலசலக்க வேண்டும். சலசலக்கவில்லை...

ஓடைக்கு நடுவிலும் அதே சத்தம்.

நறுக்... நறுக்...

அந்தக் கரையிலும்.

பிறகு இருமல். ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் காடு அமைதியாகிவிட்டது.

தேஜஸ்வினி கூடாரத்தைக் கிழிக்காத குறையாக வெளியே வந்தாள். கிரிதர் கையில் ஒரு முளையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"ஏன் பொய் சொன்ன?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பிடிபட்டால் நம் கூடாரத்துப் பக்கத்தில்தான் பிடிபடுவார்கள், நாம்தான் கூட்டி வந்தோம் என்பார்கள் என்றான். அந்தப் பக்கம் போனால் அவர்கள் யாரோ, நாம் யாரோ. மூடுபனியில் வந்த மாதிரியே போய்விடுவார்கள்.

அவள் ஓடைக்கு ஓடினாள். முழங்கால் அளவுத் தண்ணீர், வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் இறங்கி அக்கரை ஏறினாள். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே தொண்டை கட்டும்வரை நடந்தாள். யாரும் இல்லை. கரைச் சேற்றில் ஒரு காலடித் தடம் இல்லை. இந்தப் பக்கச் சேற்றில் கிரிதருடைய சப்பாத்துத் தடங்கள் மட்டும், வரிவரியாக, தெளிவாக.

கைபேசிக்குச் சிக்னல் கிடைத்ததும் போலீஸைக் கூப்பிட்டவள் அவள்தான். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டாள். நாயோடு வந்தார்கள். மேலே ஹெலிகாப்டர்கூட ஒரு சுற்று வந்தது. உடல் சூட்டைக் கண்டுபிடிக்கும் கேமரா இருக்கிறது, யார் இருந்தாலும் தெரியும் என்றார்கள். யாரும் தெரியவில்லை. ஆள் நடந்த வாசனையைக்கூட நாய் பிடிக்கவில்லை. அன்று அந்தக் காட்டில் அவர்கள் கண்டுபிடித்த ஒரே குற்றம், அனுமதியில்லாமல் போட்ட ஒரு கூடாரம். அபராதச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த அபராதத்தால் ஒன்றும் கெடவில்லை. மறு மாதமே கிரிதருக்குக் குடியுரிமை கிடைத்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினான். வீட்டில் தேஜஸ்வினி அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பால் தீர்ந்துவிட்டது, வாடகை போய்விட்டது, இப்படி. வந்தது மனிதர்கள் இல்லை என்று அவளுக்குப் பாதி தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவன் அவர்களை மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டுதானே திருப்பி அனுப்பினான்? அந்த நினைப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை. அவன் பக்கத்தில் படுக்கவும் விடவில்லை.

அடுத்த வசந்தத்தில், அவளோடு வேலை பார்க்கும் ஆரணி இருவரையும் டுசல்டோர்ஃபுக்குக் கூப்பிட்டாள். ஆரணியின் பெற்றோர் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள். தேஜஸ்வினி அடுப்படியில் ஆரணியின் சித்தி ஜெயமலரோடு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஜெயமலருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஒரு கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. தேஜஸ்வினியும் கிரிதரும் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் என்று ஆரணி பெருமையாகச் சொன்னாள்.

"எனக்குக் காடெண்டாலே ஏலாது," என்றாள் ஜெயமலர்.

தேஜஸ்வினி ஏன் என்று கேட்டாள். மாவைத் தட்டிக்கொண்டே ஜெயமலர் சொன்னாள். தொண்ணூறாம் வருடம், மார்கழி. அவளுக்கு எட்டு வயது. அப்பா ஏற்கெனவே ஜெர்மனி வந்து காத்திருந்தார். அம்மாவும் அவளும் தம்பியும் செக் பக்கத்திலிருந்து பனிக்காட்டு வழியாக நடந்து வந்தார்கள். கூட்டி வந்தவன் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். இரவு முழுவதும் நடந்து, உறைந்து கிடந்த ஓர் ஓடையைத் தாண்டினார்கள். விடியும் நேரம் ஓர் ஆளைக் கண்டார்கள். துணியாலான சின்ன வீடு ஒன்றுக்கு முன்னால் நின்றான். தமிழ் ஆள்.

"இந்தியாத் தமிழ் கதைச்சவர். ஜேர்மனி இதில்லை, திரும்பிப் போங்கோ எண்டார். அம்மா அவரைக் கும்பிட்டுப்போட்டுத்தான் திரும்பினவ."

வந்த வழியே போனார்கள். மத்தியானம் அம்மா ஒரு மரத்தடியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழும்பவில்லை. மறுநாள் மரம் வெட்ட வந்தவர்கள் மூவரையும் கண்டார்கள். உயிர் இருந்தது இவளுக்கு மட்டும். அந்த ஆளைப் பற்றி எத்தனை பேரிடமோ சொன்னாள். அந்தக் காலத்தில் அந்தக் காட்டில் தமிழன் ஏது, குளிரில் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். அவளுடைய அப்பாகூட நம்பவில்லை.

எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. தேஜஸ்வினி அடுப்பை அணைக்கவில்லை.

அடுப்படி வாசலில் கிரிதர் வந்து நின்றான்.

"சீக்கிரம் போலாமா? லேட் ஆகுது."

ஜெயமலரின் கை மாவிலேயே நின்றது. அவள் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"உங்கட குரல் எனக்குத் தெரியும், தம்பி," என்றாள்.

கிரிதர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்று தேஜஸ்வினி அவனோடு வீடு திரும்பவில்லை. பிறகும் திரும்பவில்லை.

கிரிதர் பிறந்தது எண்பத்தொன்பதாம் வருடம் மே மாதம், ஈரோட்டில். அந்த மார்கழியில் அவனுக்கு ஒன்றரை வயது. பிள்ளைக்கு இன்னும் பேச்சே வரவில்லையே என்று அவனுடைய அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்துகொண்டிருந்த நேரம் அது.