கேரியர் இல்லாத சைக்கிள்

குற்றாலத்துக்குப் போய்விட்டுக் காய்ந்த தலையோடு திரும்பி வருகிறவனைத் தென்காசியில் யாரும் நம்புவதில்லை. அதுவும் சீசன் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், தோளில் ஒரு துண்டுகூட இல்லாமல் ஒருவன் அந்தப் பக்கம் போகிறான் என்றால் அவன் அருவிக்குப் போகவில்லை என்று அர்த்தம். அருவிக்குப் போகாதவனுக்குக் குற்றாலத்தில் வேறு என்ன வேலை என்பதை அவரவர் வயதுக்கும் அனுபவத்துக்கும் தகுந்தபடி ஊகித்துக்கொள்வார்கள். என் சித்தப்பா இரண்டு வருஷமாக அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா, அப்பாவின் தம்பி, தாலுகா ஆபீஸில் கிளார்க், எங்களோடுதான் இருந்தார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருந்ததால் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். ஆபீசுக்கு நடந்தே போவார். வீட்டில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடப்பானேன் என்று கேட்டால், "அது ஆபீசுக்குப் போற சைக்கிள் இல்ல" என்பார். அப்படியானால் அது எதற்கான சைக்கிள் என்று அவர் சொன்னதில்லை.

ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த, சித்தப்பாவுக்குப் பழக்கமான ஒரு வெள்ளைக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குக் கிளம்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன ரேஸ் சைக்கிள் அது. அங்கிருந்து மலை இறக்கத்தில் சித்தப்பா தானே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறங்கினார். கரும்பச்சை நிறம். ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. டயர் என் கட்டைவிரல் அகலம்தான். பின்சக்கரத்தில் ஒன்றுக்கு ஐந்து பல்சக்கரங்கள். கீழ்க்கம்பியில் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினால் செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவியது. யாரும் இல்லாத நேரம் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அதன் டிக்டிக் சத்தத்தைக் கேட்பேன். கம்பியை விரல் கணுவால் தட்டினால் எங்கள் வீட்டு வெண்கலப் பானையைவிட நன்றாக மணியடித்தது. இரும்புக்கு இவ்வளவு நல்ல குரல் எப்படி வந்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

மற்றவர்களுக்கு அதில் இருந்தவை கண்ணில் படவில்லை, இல்லாதவைதான் பட்டன. கேரியர் இல்லை. ஸ்டாண்ட் இல்லை. மட்கார்டு இல்லை. பெல்கூட இல்லை. மாவு மில்லுக்குப் போக முடியாத, ஒரு மூட்டை உரத்தைக் கொண்டுவர முடியாத, நிறுத்தினால் சுவரைத் தேடுகிற ஒரு வாகனத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? அடுத்த தெருவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டு முடிவுகளை எல்லாம் எடுத்துவந்த அத்தை, அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பாதி சைக்கிளைத் தந்து ஏமாத்திட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் கீழப்பாவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சித்தப்பா சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே கவனிக்காமல் சாப்பிட்டார். வாயைத் திறக்காத மனிதர், ஒரே வாரத்தில் மூன்று தடவை அம்மாவிடம் "மதினி, அங்கேருந்து ஏதும் தகவல் உண்டா?" என்று கேட்டார். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனி அவ்வளவுதான் என்று அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தகவல் வந்தது, பெண்ணின் தாய்மாமா உருவத்தில் வந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினால் பெண் வீட்டார் முதலில் மாப்பிள்ளை தெருவின் டீக்கடையில் வந்து உட்காருவார்கள். அங்கே அவர் இரண்டு டீ குடித்திருக்கிறார், தேவையானதெல்லாம் கிடைத்திருக்கிறது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. எங்க அக்கா மக வாழ்க்க. மாப்பிள்ள ஞாயித்துக்கிழமயானா குத்தாலம் போறாராம். துண்டு கொண்டு போறதில்லையாம். தல நனையாம வாராராம். அங்கன யாரு இருக்கா?"

ஒரு வாரம் கழித்து வாருங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று அப்பா அவரை அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலம் சித்தப்பாவை நடுவில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அவர் சொன்னது ஒரே பதில்தான். "ஐந்தருவி வரைக்கும் மிதிச்சிட்டு வாரேன். வேற ஒண்ணுமில்ல." அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லாததுக்கா ஒருத்தன் விடியக்காலம் எந்திரிச்சு மேட்டுல மிதிப்பான்?" என்றாள். எனக்கும் அது நியாயமான சந்தேகமாகவே பட்டது. அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

யாராவது கூடப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. பெரியவர்கள் போனால் நன்றாக இருக்காது. பிள்ளை ஆசைப்படுகிறாள், கூட்டிப்போ என்றால் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் என்னை எங்கே உட்காரவைப்பது? முன்கம்பியில் உட்கார்ந்தால் அவர் குனிந்து ஓட்டும்போது என் தலை அவர் தாடையில் இடிக்கும். அப்பா யோசித்தார். சித்தப்பா ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தெருமுக்குச் சைக்கிள் கடையில் ஒரு கேரியரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சைக்கிளில் கேரியர் மாட்ட இடமே கிடையாது. கடைக்காரர் இரண்டு இரும்புப் பட்டைகளைக் கொடுத்து நெருக்கித் திருகியிருந்தார். கரும்பச்சையில் இரண்டு இடத்தில் பெயிண்ட் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

சித்தப்பா வந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தக் கீறலைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. "பிள்ளைக்கு ஐந்தருவி பாக்கணுமாம்ல" என்றார் அப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கேரியரைப் பிடுங்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். "அஞ்சரைக்கு எந்திரிச்சிருவியாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு என்னைக் கேரியரில் ஏற்றினார். "கால அகட்டி வச்சிக்கோ, கம்பிக்குள்ள விட்டுராத." மேலகரம் தாண்டியதும் சாரல் ஆரம்பித்தது. மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. ஆபீஸ் போகும்போது காலை இழுத்து இழுத்து நடக்கிற மனிதர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. முதுகு அசையவில்லை, கால்கள் மட்டும் ஒரே அளவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மேடு வரும் முன்பே அவர் கை கீழே போய் நெம்புகோலைத் தொடும்; செயின் ஒருமுறை முனகி வேறு பல்லுக்குப் போகும்; மேடு பாதியாகக் குறைந்துவிடும். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வேவு பார்க்க வந்த கடமை தவறாமல், எதிர்ப்பட்ட ஒவ்வொரு பெண்ணையும் உற்றுப் பார்த்தேன். எல்லோரும் தலையில் எண்ணெயோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குற்றாலநாதர் கோயில் மதிலைக் கடந்து ஐந்தருவிச் சாலையில் ஏறினோம். அங்கே அவருக்கு மூச்சு வாங்கியது. நான் இறங்கி நடக்கவா என்றேன். "உக்காருட்டி, பாதில இறங்குனா கணக்குல சேராது" என்றார். எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஐந்தருவிக்கு வந்து, பழக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஆளுக்கொரு பால் விடாத கட்டன்சாயா வாங்கினார். சாயாக் கடைக்காரர் என்னைக் காட்டி, "இன்னைக்குத் தொணைக்கு ஆள் உண்டு போல" என்றார். அப்படியானால் மற்ற நாளெல்லாம் தனியாகத்தான் வருகிறார் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அருவி ஐந்தாகப் பிரிந்து விழுந்துகொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பெரிதாகப் பார்க்கக்கூட இல்லை. கம்பியில் படிந்திருந்த சாரலைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இனி என்ன சித்தப்பா?"

"இனி வீட்டுக்குத்தான்."

எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. இதற்காகவா அஞ்சரைக்கு எழுந்தேன். ஆனால் திரும்பும் பாதையில் அந்த இறக்கம் வந்தது. அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். பின்சக்கரம் மட்டும் டிக்டிக் என்று சொல்லத் தொடங்கி, பிறகு அது தனித்தனிச் சத்தமாக இல்லாமல் ஒரே இழையாக நீண்டது. மரங்கள் ஓடின. சாரல் முகத்தில் குத்தியது. நான் கத்திவிட்டேன். முன்னால் சித்தப்பாவும் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷம் நான் இருந்த சந்தோஷத்தில் பிறகு வாழ்க்கையில் எத்தனை தடவை இருந்திருப்பேன் என்று தெரியவில்லை. மேலகரம் வரும்போது காற்றில் எங்கள் இரண்டு பேர் தலையும் காய்ந்திருந்தது.

வீட்டில் பெண்ணின் தாய்மாமா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். என்னை நடுக்கூடத்துக்கு அழைத்தார்கள்.

"யாரப் பாத்தாவ?" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"யாரையும் பாக்கல."

"குளிச்சாவளா?"

"இல்ல."

"பெறகு?"

பிறகு என்ன? சாயா குடித்தோம், இறக்கத்தில் இறங்கினோம் என்று சொல்லலாம். ஆனால் என் முதல் இரண்டு பதிலுக்கே அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. தாய்மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவர் எழுந்தால் சம்பந்தமும் எழுந்துபோய்விடும். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறான் என்று நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"கோயிலுக்குப் போனாவ" என்றேன். "குத்தாலநாதருக்கு நேந்திருக்காவளாம். நல்லபடியா கல்யாணம் ஆகணும்னு. வெளிய சொன்னா பலிக்காதாம், அதான் யார்ட்டயும் சொல்லல."

தாய்மாமா என்னைக் கூர்ந்து பார்த்தார். "நெத்தியில துந்நூற காணமே?"

"வேர்வையில அழிஞ்சிட்டு. மேட்டுல மிதிக்கணும்லா."

"குளிக்காமலா கோயிலுக்குள்ள போனாரு?"

"வீட்டுல குளிச்சிட்டுத்தானே போனாவ."

தாய்மாமாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "இதச் சொல்லுறதுக்கு என்ன அண்ணாச்சி, நல்ல காரியந்தானே" என்று துண்டை மறுபடி மடியில் வைத்தார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாசலைப் பார்த்தேன். சித்தப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. நன்றியில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதுவரையும், அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அத்தை அர்ச்சனைக் கூடையைக் கொண்டுவந்து கேரியரில் கட்டினாள். தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். தெருவில் விஷயம் பரவியதும் பக்கத்து வீடுகளிலிருந்தும் பெயர், நட்சத்திரம் எழுதிய சீட்டுகள் வந்தன. பரீட்சை எழுதுகிறவர்கள், பிரசவத்துக்குக் காத்திருக்கிறவர்கள். வரிசையில் நின்று எல்லோருக்கும் அர்ச்சனை செய்து திருநீற்றுப் பொட்டலங்களோடு திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். அதற்கு மேல் ஐந்தருவிக்கு எங்கே போவது? இப்போது யாரும் அவரை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. கும்பிட்டு வழிவிட்டார்கள்.

சித்தி நல்ல மனுஷி. சித்தப்பாவுக்கு அவள் மேல் உயிர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. பட்டுச்சேலையில் அவள் கேரியரில் உட்கார வசதியாக, மட்கார்டு வந்தது. பிறகு ஸ்டாண்ட். குனிந்துகொண்டு கோயிலுக்குப் போவது பார்க்க நன்றாக இல்லை என்று அத்தை சொன்னதால் சைக்கிள் கடைக்காரர் வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி நேரான ஒன்றை மாட்டினார். கனம் தாங்காமல் பின்டயரும் தடிமனாகியது. "இப்பதான் முழு சைக்கிள் ஆயிருக்கு" என்று அத்தை மகிழ்ந்துபோனாள். நானும் மகிழ்ந்தேன். சித்தப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவள் நான்தான் என்ற பெருமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அடுத்த சீசனில், சாரல் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தப்பா வாசலில் நின்று கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் திடீரென்று அந்த இறக்கம் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் போய், "சித்தப்பா, ஒருநாள் நாம ரெண்டு பேரும் மட்டும் ஐந்தருவி போவமா?" என்று கேட்டேன்.

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "எதுக்குட்டி?" என்றார்.

நான் அதைக் கேள்வி என்றே எடுத்துக்கொண்டேன். எல்லோரும் ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒரு நல்ல காரணத்தைத் தேடி, அங்கேயே நின்று யோசிக்கத் தொடங்கினேன்.