வீட்டோடு மாப்பிள்ளை கேமரா

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த வீடியோக்காரர், கேமராவிலிருந்து நகம் அளவு அட்டை ஒன்றை உருவி மடிக்கணினியில் செருகிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பாயசம் வருவதற்குள் முகூர்த்தம் முழுவதும் கணினிக்குள் போய்விட்டது. மறைப்பானேன், எனக்கு வயிற்றெரிச்சல். இதே வேலையைத்தான் உத்திரமேரூரில் மூன்று வருஷம் நாள் பூராவும் உட்கார்ந்து செய்தேன்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் நடத்திய வீடியோ கடையில் சேர்ந்திருந்தேன். கடையில் கணினி தெரிந்த ஒரே ஆள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். தெரிந்தது என்னவோ சுவிட்ச் போடவும் அணைக்கவும்தான். அந்தக் காலத்துக் கேசட் ஒரு மணி நேரம் ஓடினால், அதைக் கணினியில் ஏற்றவும் ஒரு மணி நேரம். கேமராவை வயரில் கட்டிப்போட்டு, அதிலேயே கேசட்டை ஓடவிட வேண்டும். நான் ஏற்றினால் பாய்க்குக் கேமரா இல்லை, பாய் தூக்கிக்கொண்டு போனால் எனக்கு வேலை இல்லை. தை பிறந்தால் காலையில் பழையசீவரம், மாலையில் ஐயங்கார்குளம் என்று பாய் பறப்பார். "கேமரா இன்னா ஊறுகா ஜாடியா, இங்கயே வெச்சிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டு, கேசட் பாதியில் இருக்கும்போதே வயரைப் பிடுங்குவார்.

இந்தச் சண்டை பொறுக்காமல் பாய் சென்னைக்குப் போய், லென்ஸ் நொறுங்கிய பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தார். அது படம் பிடிக்காது, கேசட்டை மட்டும் ஓட்டும். வெளியே எங்கும் போகாமல், போட்டதை விழுங்கிக்கொண்டு மேசையிலேயே கிடந்ததால் அதற்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். பாயின் மனைவி கடைக்கு வந்தால், மாப்பிள்ளைக்கு நாஷ்டா ஆயிற்றா என்றுதான் முதலில் விசாரிப்பார்.

வீடியோ எடுப்பவர்களுக்கு அப்போது ஒரு வழக்கம் உண்டு. பழைய கேசட்டில் இடம் மிச்சம் இருந்தாலும், தாலி கட்டுவதற்குச் சற்று முன் புதுசு போட்டுவிடுவார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது கேசட் தீர்ந்துபோனால் கல்யாண வீட்டில் உதைதான் கிடைக்கும். ஆகவே எந்தக் கல்யாணத்திலும் இரண்டாவது கேசட் தாலியில்தான் தொடங்கும்.

திருப்புலிவனத்தில் மஞ்சுளா என்ற பெண்ணின் கல்யாணம். அப்பா விவசாயி. பாய் அந்த இரண்டாவது கேசட்டை முதலுக்குச் சுற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்புமுன் டீ குடித்தபடி கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மேலே எதுவும் பதியாமல் இருக்க கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அவசரத்தில் பாய் அதைத் தள்ளவில்லை, கதை கேட்கும் சுவாரசியத்தில் நானும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த எங்கள் மாப்பிள்ளையின் திருகை ஓட்டும் பக்கம் திருப்புவதற்குப் பதில் படம் எடுக்கும் பக்கம் திருப்பினேன். கணினித் திரையில் அழுத்த வேண்டிய சிவப்புப் பொத்தானை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கேசட்டின் ஆரம்பம் இருட்டாகத்தானே இருக்கும் என்று நான்கு நிமிடம் காத்திருந்தேன்.

பாய் போன பிறகு முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். தாலி இல்லை. வெறும் இருட்டு, அதில் பாயின் குரல். மாப்பிள்ளைக்குக் கண்தான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

"பொண்ணோட நைனா தூணுக்குப் பின்னாடி போயி, துண்ட வாயில வெச்சிக்கினு அழுவுறாரும்மா. கேமராவ அந்தாண்ட திருப்பினா தாலி பூடும். தாலிய எடுத்துக்கினு அவர வுட்டுட்டேன்."

சாயங்காலம் சொன்னபோது பாய் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் இருபது வருஷமாகச் சம்பாதித்த பெயரை நான் நான்கு நிமிடத்தில் அழித்துவிட்டேன். தான் செய்த தப்பு என்றே அவர்களிடம் சொல்லிக்கொள்வதாகப் பாய் சொன்னார். நான் விடவில்லை.

மஞ்சுளா புருஷனோடு வந்தாள். இருவருக்கும் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். புருஷன் முகம் சிவந்துவிட்டது. அவள் மட்டும் அந்த இருட்டை இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

"இது இப்டியே இருக்கட்டும்க்கா. தாலி கட்னத நானே பாத்தேன். நைனா அழுதத பாக்கலியே" என்றாள். இருட்டோடு சேர்த்தே சிடி போட்டுக் கொடுத்தோம். கேசட்டில் வழக்கம்போல வேறொரு கல்யாணம் ஏறியது.

போன ரம்ஜானுக்கு முன்னால் பாய் இறந்துபோனார். எந்தக் கேசட்டிலாவது அவர் இருக்கிறாரா என்று அவர் மனைவி என்னிடம் ஃபோனில் கேட்டார். ஆயிரம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். எனக்கு அந்த நான்கு நிமிடம்தான் நினைவுக்கு வந்தது. நம்பர் தேடி மஞ்சுளாவைக் கூப்பிட்டேன்.

சிடி ஓட்டும் பெட்டி எப்போதோ ரிப்பேராகிவிட்டதாம். "எங்க மாமனாரு சிடியக் கொண்டும்போயி, பளபளப்புக்கு மயிலு வராதுன்னு கடலக் கொல்லைல கட்டி ரெண்டு போகமாச்சுக்கா. போயி அவுத்துக்கினு வரட்டா?" என்றாள், குரல் இறங்கி.

இரண்டு போகம் வெயிலில் தொங்கிய சிடியில் எதுவும் ஓடாது என்று எனக்குத் தெரியும். எடுத்து வை, வருகிறேன் என்றேன். பாயின் மனைவிக்கு இன்னும் ஃபோன் செய்யவில்லை.